கண்ணாடிக்குள் மேகம்

எண்பத்திரண்டில் மழை பொய்த்து, படவேட்டுப் பக்கம் கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்தது. மலைமேல் புதூர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் மேகத்தைப் பிடித்து அடைக்கிறார்கள் என்று கீழே பேச்சு பரவியது. அங்கே ஆராய்ச்சி செய்த சகுந்தலா அதைக் கேட்டுச் சிரித்திருந்தாள். கண்ணாடி உருளைக்குள் மேகம் உண்டாக்கி, நீர்த்துளி எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

கரும்புக்காரன் துரைக்கண்ணு ஒருநாள் இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினான். கையில் கடப்பாரை. ஆய்வுக்கூடத்தில் காற்றுப் பம்பு ஓட்டும் மலைக்காரர் தீர்த்தகிரி வாசலில் மறித்தார். முதல் அடியிலேயே அவர் வலது கை முறிந்த சத்தம் உள்ளே சகுந்தலாவுக்குக் கேட்டது.

"மேகத்த எங்க வச்சிருக்க?" என்றான் துரைக்கண்ணு.

கண்ணால் பார்த்தால் அடங்கிவிடுவான் என்று நினைத்தாள். ஊதுபத்திப் புகையோடு ஈரக் காற்றை உருளைக்குள் அழுத்தி ஏற்றி, வால்வைச் சட்டென்று திறந்தாள். காற்று சீறி வெளியேற, உள்ளே குளிர்ந்து வெள்ளையாக எழுந்தது மேகம். இதில் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தேறாது என்றாள். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதையும் காட்டுகிறேன் என்று மறுபடி காற்றை ஏற்றினாள்.

அவன் முகத்தில் இருந்த கொஞ்சம் சந்தேகமும் போய்விட்டது.

"அப்போ நெசந்தான். எங்க புள்ளைங்க சோத்துக்கு அலையுதுங்க, நீ மேகத்த வச்சி வெளையாட்ற."

வேண்டாம், காற்று ஏறியிருக்கிறது என்று அவள் கத்தி முடிப்பதற்குள் கடப்பாரை இறங்கியது. உருளை வெடித்தது. கண்ணாடி அவன் முகத்தைக் கிழித்துப்போட்டது. ஆட்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். பம்புக்குப் பின்னால் நின்றதால் சகுந்தலாவுக்கு முழங்கையில் மட்டும் கீறல். முந்தானையைச் சுருட்டி அவன் முகத்தில் அழுத்தினாள். ரத்தம் விரலிடுக்கில் கொப்பளித்தது. அப்போது தீர்த்தகிரி உள்ளே வந்து, இடது கையால் கடப்பாரையை எடுத்து ஓங்கினார். அவள் துரைக்கண்ணுவின் மேல் விழுந்து மறைத்தாள். கடப்பாரை அவள் தோளை உரசித் தரையைப் பிளந்தது.

புளி ஏற்ற வந்த லாரியில் இருவரையும் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். துரைக்கண்ணுவுக்கு ஒரு கண் போனது. உயிர் நின்றது. கட்டு பிரித்ததும் போலீஸ் கூட்டிப்போனது.

மாவுக்கட்டோடு கிடந்த தீர்த்தகிரியைப் பார்க்கப் போனாள். அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அவன காப்பாத்தனதுக்குக் கோவம் இல்லீங்க. என் கை ஒடஞ்சி கெடந்தப்போ நீங்க அவனுக்கு மேகம் காட்டிக்கினு இருந்தீங்க."

அவனைச் சமாதானப்படுத்தத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். இரண்டாம் முறை காற்றை ஏற்றியபோது, துளி வளர்வதைப் பார்க்கும் ஆசையில் வாசலில் கிடந்தவரை மறந்தே போனது நினைவுக்கு வந்தது. எழுந்து வந்தாள்.

கை கூடிய பிறகும் தீர்த்தகிரி ஆய்வுக்கூடத்துப் பக்கம் வரவில்லை.