என் குரலில் கிரேக்கம்

வேதாகமக் கல்லூரிக்கு எங்கள் சபை இந்த வருஷம் ஒரே ஒரு ஆளைத்தான் அனுப்பும். கிரேக்கம் தெரிந்தவருக்கே அந்த இடம். தம்பானூர் லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கும் இந்த எலிசாளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கிரேக்க வினைச்சொல் லேசில் மனதில் நிற்காது. ஆளுக்கொரு வடிவம், காலத்துக்கொரு வடிவம். அதனால் போனில் ஒரு செயலியை இறக்கி, எண்ணூறு அட்டைகளை நானே எழுதி ஏற்றினேன். அட்டையைத் தொட்டால் என் குரல் பாடும்: "லூஓ, லூஎய்ஸ், லூஎய்..." ஞாயிறு ஆராதனையில் பாடும் கீர்த்தனை மெட்டில்தான். எட்டு மாத உழைப்பு.

பிரஜினும் அந்த இடத்துக்கு மனு போட்டிருந்தான். எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். "எக்கா, எனக்கு ஒண்ணும் தலையில ஏறல கேட்டியளா, அந்த அட்டையளத் தாருங்க" என்றான். கொடுத்தேன். போன வாரம், "கொஞ்சம் எழுத்துப் பிழை கெடக்கு, திருத்தித் தாரேன்" என்று பாஸ்வேர்டு கேட்டான். அதையும் கொடுத்தேன், மடச்சி! கூட நின்று பாடுகிறவன் கழுத்தறுப்பான் என்று யார் நினைப்பார்கள்?

நேர்காணலுக்கு முதலில் அவன் போனான். வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கதவு வழியாக என் குரலே கேட்டது. உள்ளே கை தட்டினார்கள். பதறிப்போய்ப் போனை எடுத்தேன். செயலி திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றியிருந்தான்.

என் முறை வந்ததும், "அந்த அட்டையெல்லாம் நான் செஞ்சது ஐயரே" என்றேன்.

சபையின் போதகர் திரவியம் ஐயர் சிரித்தார். "பிரஜின் சொன்னான் மக்களே. அவன் எழுதினத நீ பாடிக் கொடுத்தியாமே. நல்ல சாரீரம்."

"அதுல இல்லாத வினையாக் கேளுங்க ஐயரே."

கேட்டார்கள். ஒன்றல்ல, மூன்று. எல்லாக் காலத்திலும் தட்டுத்தடையில்லாமல் சொன்னேன்.

ஐயர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "கண்டீரா? பய இவளுக்கே எவ்வளவு நல்லா படிப்பிச்சிருக்கான்!" என்று சொல்லி, பிரஜின் பெயருக்கு நேராக டிக் போட்டார்.