நாகலக்ஷ்மி விட்ட சர்க்கரை

என் மனைவி நாகலக்ஷ்மியின் மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி இருப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், காளி பூஜை முடிந்த வாரம் தெரிந்தது. பவானிப்பூர் டாக்டர் பட்டாசார்ஜி பார்த்துவிட்டு, புற்றுதான், அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார். ஆனால் அவள் மலேரியாவில் இளைத்துப் போயிருந்தாள். ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டுத் தேறட்டும், இப்போது கத்தி வைத்தால் உடம்பு தாங்காது என்றார்.

நான் கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. இங்கிலீஷில் அச்சான எதையும் நம்புகிற ஜாதி. அந்த வாரமே ஆபீஸில் ஒரு பத்திரிகை கண்ணில் பட்டது. ஜெர்மனியில் புற்றுக்கட்டியைச் சீவல் சீவலாக வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் இட்டுப் பார்த்தார்களாம்; சாதாரணச் சதையைவிடப் பல மடங்கு சர்க்கரையை அது விழுங்கியதாம். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும், இது பட்டாசார்ஜிக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அன்று சாயங்காலமே, இனிமேல் சர்க்கரையைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். நாகு சரியென்று தலையாட்டினாள். துணைக்கு நானும் விட்டேன். கசப்புக் காபியைக் கஷாயம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். எதிர்வீட்டு அம்மாளை வங்காளி வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். அவள் புது ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்கிற பால் இனிப்பைக் கொண்டுவந்தாள். நாகுவுக்கு அது உயிர். தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிற்று. அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மாதம் முடிந்ததும் டாக்டர் அவளை எடை பார்த்தார். ஆறு பவுண்டு ஏறியிருந்தாள். சந்தோஷமாக ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் என் வைத்தியத்தைச் சொன்னேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டி சர்க்கரையைத் தின்பது வாஸ்தவம். ஆனால் வாயில் போடாவிட்டாலும் உடம்பு சோற்றிலிருந்து சர்க்கரை பண்ணிக்கொள்ளும், சாப்பாடே குறைந்தால் சொந்தச் சதையைக் கரைத்துப் பண்ணும். கட்டிக்குப் பந்தி நடந்துகொண்டேதான் இருக்கும், பட்டினி கிடப்பவள் உன் மனைவிதான் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு இவள் எப்படித் தேறினாள் என்று அவருக்கே புரியவில்லை.

அவர் எதிரிலேயே நாகுவைக் கேட்டேன்.

"சர்க்கரையத்தானே விடச் சொன்னேள்? விட்டுட்டேன். ஜீனியை விடச் சொல்லலையே."

நான் மயிலாப்பூர்க்காரன். எங்களுக்கு வெள்ளையாக இருப்பது சர்க்கரை. அவள் மன்னார்குடி. அங்கே சர்க்கரை என்றால் வெல்லத்தின் வகை. வெள்ளையாக இருப்பது ஜீனி. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இதை வைத்து அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். உயிர் போகிற காரியத்தில் மறந்து தொலைத்தேன். நான் ஆபீஸ் போனதும் ஜீனி போட்ட பாலும், பௌதி வீட்டு ரசகுல்லாவுமாக அவள் தேறியிருக்கிறாள். இதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னதும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் அசடு வழிந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குத் தெரிந்த மட்டும் எடுத்துவிட்டேன், மேலே பகவான் சித்தம் என்றார் டாக்டர். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாகு சாய்ந்து உட்கார்ந்தாள். நான் சொன்னது சரியாகப் புரிந்திருந்தால் உன்னை நானே கொன்றிருப்பேன் என்றேன்.

"புரியாம என்ன? மறுநாளே புரிஞ்சுடுத்து. காபியை அந்தப் பாடு பட்டுண்டு குடிச்சேளே."

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மறுபடியும் கையைப் பிசைஞ்சுண்டு கொட்டக் கொட்ட முழிச்சிண்டு இருப்பேள். ஏதோ பண்றோம்னு தூங்கினேள். தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்காகத்தான் அந்தச் சந்தேஷையும் தள்ளியிருக்கிறாள். கட்டியைப் பட்டினி போட்டுவிட்டதாக நான் குறட்டை விட்ட அந்த ஒரு மாதமும், பக்கத்தில் படுத்திருந்தவள் தன் பயத்தை யாரிடம் சொல்லியிருப்பாள்? நான் ஒரு நாளாவது கேட்டேனா?

"பயமா இருந்துதா நாகு?" என்றேன்.

"இருந்துது," என்றாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.