பட்டி இல்லை, ஈயம்

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று சவுத் பெண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முப்பது வருடமாக இந்த ஃப்ளோரியன் பானக்கைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். விற்கிறவன் வாய் ஓயாமல் காரின் பெருமையை அளந்துகொண்டிருப்பான். நான் பதில் பேசமாட்டேன். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க ஒரு துணியில் சுற்றி, காரின் உடம்பெங்கும் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவேன். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும். ஓட்டையையும் துருவையும் மறைத்துப் பசையைக் குழைத்துப் பட்டி போட்டிருக்கும் இடத்தில் வழுக்கிக் கீழே விழும். விழுந்ததும் குனிந்து எடுத்துக்கொண்டு, "நான் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லியிருக்கலாமே" என்பேன். இந்த ஒரு வார்த்தைக்காகவே என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இந்தியானா மாநிலத்தில் நிறையப் பேர்.

என் சொந்தக் கார் இரண்டு கதவு வைத்த 1953 ஸ்டூடிபேக்கர் கூப்பே. கரும்பச்சை. இந்த ஊர்க்காரர்கள் இந்த ஊரில் செய்த கார். பல் டாக்டர் ஒருவரின் மனைவியிடமிருந்து வாங்கினேன். வாங்கிய அன்று அங்குலம் அங்குலமாகக் காந்தம் வைத்துப் பார்த்ததோடு சரி, அப்புறம் வைத்ததில்லை. தன் வீட்டுச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டா சாப்பிடுவார்கள்?

போன குளிர்காலத்தில் என் இடது முழங்கால் இனி கிளட்சை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஓட்டாமல் நிறுத்தி வைத்து அழகு பார்க்கிற ஆள் இல்லை நான். பழைய கார்ச் சங்கத்தின் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த உடம்பு, வந்த பெயிண்ட், இதன்மேல் இன்றுவரை யாரும் கை வைத்ததில்லை, இதற்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். அந்தப் பெயருக்கே பாதி விலை தரலாம் என்று லோட்டியிடம் சொன்னேன். லோட்டி என் மனைவி. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஓரிகனிலிருந்து ஹெட்லண்ட் என்பவர் போனில் விலை பேசி முடித்தார். நேரில் வர முடியாது, அதனால் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது என்றார். என் காரைப் பார்க்க இன்னொரு ஆளா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, அவர் அனுப்பிய ஆளாக, ஃபோர்ட் வேன் என்ற ஊரிலிருந்து மார்ஸி டாலிவர் என்ற அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிட்டவளாம். லோட்டி கொடுத்த காபியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவுதான். அது திறந்திருந்தது. லோட்டி அங்கே முட்டைக்கோஸ் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவுகள் சாத்தும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள் என்றேன். கண்ணாடிகள் காரோடு வந்தவையே என்றேன். இருக்கைத் துணியைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். அவள் பதிலே பேசவில்லை. துணி சுற்றிய காந்தத்தை வைத்துக்கொண்டே போனாள். விற்கிறவர்கள் ஏன் வாய் ஓயாமல் பேசுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இடது பின் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் கீழ்ப்பகுதியில், காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது.

அவள் மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. என் காந்தத்தை எடுத்து வைத்தேன். அதுவும் விழுந்தது. தொழிற்சாலையிலேயே தகடு சேரும் இடங்களில் ஈயம் வைப்பார்கள், ஈயத்திலும் காந்தம் ஒட்டாது என்று ஆரம்பித்தேன். தகடு சேரும் இடம் இது இல்லை என்று எனக்கே தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி போட்டிருக்கு, மிஸ்டர் பானக்" என்றாள். "விளம்பரத்துல யாரும் கை வெக்கலன்னு இருக்கு. நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்."

கார் விலை போகாவிட்டால் போகட்டும். இந்தச் செய்தி சங்கத்துக்குப் போனால் நான் முப்பது வருடமாக எத்தனை பேரைத் தலைகுனிய வைத்தேனோ அத்தனை பேரும் போன் போட்டுச் சிரிப்பார்கள். ஃப்ளோரியன் பானக் பட்டி போட்ட காரை அசல் என்று விற்கப் பார்த்தான் என்பார்கள். வாங்கிய அன்று என் காந்தத்துக்கு எப்படியோ தப்பிவிட்டது என்று பல் டாக்டர் மனைவியைத் திட்டினேன். அவள் புருஷனையும் சேர்த்துத் திட்டினேன். பட்டி போட்டவன் கை விளங்காது என்றேன்.

முட்டைக்கோஸ் சத்தம் நின்றது. கையில் கத்தியோடு லோட்டி கதவருகே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"பட்டி இல்ல. ஈயம்" என்றாள்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"இடிச்சது நான்தான், அதை என்ன வேணா சொல்லிக்கோ. ஆனா நான் பட்டி போட்டேன்னு எவளும் எழுதக் கூடாது."

மட்கார்டின் கீழ் மடிப்பில், ஈயம் வந்து முடிகிற, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், கத்தி முனையால் சுரண்டினாள். பட்டியாக இருந்திருந்தால் பொடியாக உதிர்ந்திருக்கும். இது மெத்தென்று சுருண்டு வந்து வெள்ளிபோல மின்னியது. பட்டியை யார் வேண்டுமானாலும் அப்பலாம்; ஈயம் வைக்கத் தேர்ந்த கை வேண்டும். மார்ஸி தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் லோட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சங்கத்தின் பெரிய கண்காட்சிக்கு நடுவராக நான் ஒரு வாரம் கான்சஸ் போயிருந்தபோது, லோட்டி இந்தக் காரை எடுத்துக்கொண்டு சர்ச்சில் மீன் விருந்துக்குப் போயிருக்கிறாள். பின்னால் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தில் இடித்துவிட்டது. அன்றே அவள் அப்பாவின் பழைய டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோய், பள்ளத்தைச் சுத்தியலால் தட்டி எடுத்து, தீயைக் காட்டி, ஈயத்தை இளக்கி, மரத்துடுப்பால் தடவி, அரத்தால் ராவி வழித்திருக்கிறாள். பெயிண்ட் மட்டும் அவள் தம்பி எட் அடித்திருக்கிறான்.

"உங்கப்பா கடையில நீ போன் எடுத்துட்டிருந்தன்னுதான் நெனச்சேன்" என்றேன்.

"போன் ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கும். மீதி நேரம் நான் என்ன பண்ணேன்னு நெனச்ச?"

பழக்கதோஷத்தில், "நான் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் சொல்றதுக்கு முன்னாடி நீயே கண்டுபிடிச்சிருக்கலாமே" என்றாள் லோட்டி. "ஊர்லேர்ந்து வந்ததும் ரெண்டு தடவை காரைச் சுத்தி வந்த. கேட்டா சொல்லலாம்னுதான் நின்னேன். நீ கேக்கவே இல்ல."

மார்ஸி இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தேன். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது. ஈயம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஒரு மேடு, ஒரு பள்ளம் எங்காவது இருக்குமே என்று மூன்று தடவை தேடினேன். இல்லை. இப்போது இடம் தெரிந்தும் என் கைக்கு அகப்படவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ பேர் என்னை ஏமாற்றப் பார்த்தார்கள். அதை முடித்துக் காட்டியவள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ஸியிடம் அவள் பார்த்ததை அப்படியே எழுதச் சொல்லிவிட்டு, ஹெட்லண்டுக்கு நானே போன் போட்டேன். விளம்பரத்தில் ஒரு தப்பு இருக்கிறது, இடது பின்பக்கம் ஈயவேலை நடந்திருக்கிறது, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. பன்னெண்டு வருஷமா தினமும் துடைச்சேன். தெரியல."

"நீங்க தொட்டுமா தெரியல?"

"இப்பக்கூட தொட்டுப் பார்த்தேன். இப்பவும் தெரியல. செஞ்சது என் பொண்டாட்டி, லோட்டி பானக். அதை மார்ஸி எழுதறாங்க. பேரோட எழுதச் சொல்லியிருக்கேன்."

உங்கள் கைக்கே தெரியாதது என் கைக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஹெட்லண்ட் சிரித்தார். பேசிய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். போனை வைக்கப் போனவர் ஒரு நிமிடம் என்றார். அவரிடம் இன்னொரு கார் இருக்கிறதாம், கதவில் பள்ளமாம், ஊரில் எல்லாரும் பட்டிதான் போடுவேன் என்கிறார்களாம், மிஸஸ் பானக் செய்து தருவார்களா என்று கேட்டார்.

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு லோட்டியிடம் சொன்னேன். என் குரல் கராஜுக்கு வெளியே கேட்டிருக்கும். அவள் சமையலறைக்குப் போய்விட்டிருந்தாள். கத்தியைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் இடிச்சதைத்தான் நான் சரிபண்ணுவேன்னு சொல்லு."