திரைக்குள் ஒரு நோன்பாளி

"உன் நோன்பையும் சேத்து நானே வெச்சிடறேன், போதுமா?" என்று காஷிஃப் மனைவி ஹீனாவிடம் கேட்டான்.

"அப்போ என் பங்கு சமோசாவையும் நீங்களே சாப்ட்ருவீங்க. அதுக்குத்தான இவ்ளோ பேச்சு?"

"கண்டுபுடிச்சிட்டியா? சரி, சமோசா உனக்கு. பசி எனக்கு."

"தாகம்?"

"அதுவும் எனக்கே. நீ மாத்திரைய போட்டுட்டு நிம்மதியா தூங்கு. டாக்டர் சொன்னது காதுல உழுந்துச்சில்ல? நல்லா தூங்கணும்."

ஹீனாவுக்கு வந்திருப்பது லூபஸ் என்று வேலூரில் டாக்டர்கள் உறுதியாகச் சொன்ன பிறகு வந்த முதல் ரமலானுக்கு முந்தைய மாலையில் நடந்த பேச்சு இது. உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தியே கட்சி மாறி உடம்பைத் தாக்குகிற நோய் என்று டாக்டர் விளக்கியிருந்தார். மூட்டுகளில் தொடங்கி அது சிறுநீரகம் வரை போயிருந்தது. நோன்பு வைக்கக் கூடாது, தண்ணீர் குறையக் கூடாது, மாத்திரை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது. காரணமில்லாமல் ஒரு நோன்பையும் விட்டறியாதவள் அழுதுவிடப் போகிறாளே என்றுதான் காஷிஃப் அப்படி வம்புக்கு இழுத்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் வீடே அவளுடைய தூக்கத்துக்குக் காவல் நிற்கத் தொடங்கியது.

ஆம்பூரில் அவர்கள் வீடு சின்னது. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. சஹர் நேரத்தில், விடியலுக்கு முன்னே நோன்புக்காக எழுந்து சாப்பிடும்போது, ஹீனா விழித்துவிடக் கூடாதே என்று அவள் 'அம்மி' என்று அழைக்கும் மாமியார் நசீமுன்னிசா குக்கரை மூட்டை கட்டி வைத்தார். விசில் அடிக்குமாம். சட்னியை முதல் நாளே அரைத்துக்கொண்டார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசரான காஷிஃப், மெஷினுக்கு விடுகிற எண்ணெயில் கொஞ்சம் கொண்டுவந்து அறைக் கதவின் கீலுக்கு விட்டான். அதன் பிறகு அந்தக் கதவு முனகுவதுகூட இல்லை.

ஹீனா தூங்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை அவள் தூக்கத்தை எப்போதோ விரட்டிவிட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி தெருவையே எழுப்பும். வீட்டுக்கு வீடு விளக்கு எரியும். அவள் அறை மட்டும் இருட்டாக இருக்கும். அம்மி ஏதோ கிசுகிசுப்பதும் காஷிஃப் சிரிப்பை அடக்குவதும் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது. போய் அவர்களோடு உட்கார வேண்டும் போலிருக்கும். நோன்பு வைக்க அல்ல. சும்மா உட்கார, ரொட்டியை எடுத்துக் கொடுக்க, அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரிந்துகொள்ள. 'என்னையும் எழுப்புங்க' என்று சொன்னால் போதும். அதைச் சொல்லாமலே அந்த ரமலான் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

ஒரே ஒரு நாள் அவளாகவே எழுந்து போனாள். அம்மி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எழுப்பிட்டோமா பேட்டி, மன்னிச்சிக்கோ" என்று, பெற்ற மகளிடம் பேசுவது போலப் பதறினார். காஷிஃப் அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தான். மறுநாள் முதல் பாத்திரங்களுக்கு அடியில் துணி விரித்தார்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் என்ன குறை சொல்ல முடியும்? அதுதான் அவளுடைய சிக்கல். யாராவது ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். இவர்கள் செய்வதெல்லாம் நன்மை. நன்றி சொல்லிச் சொல்லி, வேறெதுவும் சொல்ல வாய் வராமல் போயிற்று.

மனம் சோர்ந்தது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் தலை வாருவதை விட்டாள். வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. பிறகு ஃபோன் வந்தால் எடுக்காமல் விட்டாள். பிறகு குளிக்கவும் தோன்றவில்லை. முட்டி வீக்கம் வடிந்த நாளிலும் எழுந்திருக்கக் காரணம் எதுவும் தென்படவில்லை. நான் இல்லாவிட்டாலும் இந்த வீடு சத்தமில்லாமல் நடக்கும் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதை அப்படியே காஷிஃபிடம் சொன்னாள். அவன் மறுநாள் கம்பெனிக்கு லீவ் சொல்லிவிட்டு வேலூருக்கு அழைத்துப் போனான். மனநலப் பிரிவு என்று எழுதியிருந்த வாசலில் அவள் தயங்கியபோது, "முட்டிக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர். மனசு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றான்.

அங்கே கொடுத்த மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. ஆனால் செய்தது. ஒரு காலையில் டீ மணத்தது. அது மணத்தது என்பதே அவளுக்குச் செய்தியாக இருந்தது. இப்போது தலை வாருகிறாள், உதிர்ந்தது போக மிச்சமிருப்பதை. கை ஒத்துழைக்கிற நாளில் வெங்காயம் நறுக்குகிறாள். ஒத்துழைக்காத நாளில் படுத்துக்கொள்கிறாள்; அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வது குறைந்திருக்கிறது.

ஆலோசகர் பிரிசில்லாவிடம் பேசும்போதெல்லாம் ஹீனா வீட்டாரின் நல்ல குணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த ரமலானில் பரிசோதனைக்குப் போன அன்றும் அதையே சொன்னாள். பிரிசில்லா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க செய்றது எல்லாம் எனக்கு மனப்பாடமே ஆய்டுச்சு ஹீனா. உங்களுக்கு இன்னா வேணும்னு மட்டும் இன்னும் தெரியல" என்றார்.

ஹீனா சஹரைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே அற்பமாகத் தோன்றியது. பிரிசில்லாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அதை வீட்டில் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். நோன்பு வைக்காதவளுக்கு சஹரில் என்ன வேலை என்று நினைப்பார்களே என்றாள் ஹீனா. அப்படி யார் சொன்னது என்று கேட்டார் பிரிசில்லா. யோசித்துப் பார்த்தால், யாருமே சொன்னதில்லை.

அன்றைக்கு ரத்தப் பரிசோதனை இழுத்துக்கொண்டே போய்விட்டது. வெளியே வந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டி, மாத்திரை நேரமும் தாண்டியிருந்தது. வீட்டுக்குப் பேரீச்சம்பழம் வாங்க காஷிஃப் வேலூர் லாங் பஜாருக்குப் போக வேண்டியிருந்தது. கைவண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே அவளை ஒதுக்கி நடத்திக்கொண்டு வந்தவன், ஒரு பாய் ஓட்டலின் முன்னால் நின்றான். ரமலான் பகலில் திறந்திருக்கும் பாய் கடைகளில் வழக்கம்போல, உள்ளே சாப்பிடுகிறவர்கள் தெருவுக்குத் தெரியாதபடி வாசலில் பச்சைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள்.

"நீங்க வெளியவே நில்லுங்க. நான் சீக்கிரம் சாப்ட்டு வந்துட்றேன்."

"எதுக்கு?"

"நோன்பு புடிச்சிக்கினு சாப்பாட்டுக் கடைல இன்னா பண்ணப் போறீங்க?"

"உன்ன பாத்துக்கினு இருப்பேன். அதுக்கு நோன்பு முறியாது" என்று சொல்லிவிட்டுத் துணியை விலக்கிப் பிடித்தான்.

வீட்டில் ரமலான் பகலில் அவள் அறைக்குள்தான் சாப்பிடுவாள். அம்மி தட்டை மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுப் போவார். இங்கே எதிரே காஷிஃப் உட்கார்ந்திருந்தான். பரிமாறுகிறவர் இரண்டு தம்ளர் தண்ணீர் வைத்தார். காஷிஃப் ஒன்றை அவள் பக்கம் தள்ளினான். மற்றதையும் அவள் பக்கமே தள்ளினான். அவன் உதடு காய்ந்திருந்தது. அவள் இட்லியைப் பிட்டபோது, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த கோபி இடது கால் ஷூவின் மேல்பாகமாகவே பெட்டி நிறையத் தைத்து அடுக்கிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்த கதையைக் காஷிஃப் சொன்னான். புரையேறும் அளவுக்கு ஹீனா சிரித்தாள்.

"பாய்க்கு இன்னா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

அவர் வாசல் துணியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பரவால்ல பாய். இங்க யாரும் பாக்க மாட்டாங்க."

அதற்குக் காஷிஃப் சிரித்தானே தவிர விளக்கம் சொல்லவில்லை. ஹீனா மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். சாப்பிடாத ஒருவர் கூட உட்கார்ந்திருந்ததால் அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு ருசி வந்திருந்தது. இவனை எனக்குக் கொடுத்தாயே என்று உள்ளுக்குள் இறைவனிடம் சொல்லிக்கொண்டாள். கடமைக்குச் சொன்ன நன்றியாக அது இல்லை.

வெளியே வந்தபோது பங்குனி வெயில் முகத்தில் அறைந்தது. காஷிஃப் கைக்குட்டையால் முகத்தையும் வாயையும் அழுத்தித் துடைத்தான். அதே நேரம் எதிர்க்கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த நவீத் திரும்பிப் பார்த்தான். ஆம்பூரில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பச்சைத் துணியைப் பார்த்தான், கைக்குட்டையைப் பார்த்தான், ஒரு தினுசாகச் சிரித்துக் கையசைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

"அவரு தப்பா நெனச்சிட்டாரு" என்றாள் ஹீனா.

"நெனச்சா நெனச்சிக்கட்டும். வா, பஸ் போய்டும்."

பஸ் ஆம்பூர் வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. நவீத் தன் அம்மா மஹ்பூபிக்கு ஃபோனில் சொல்ல, அவர் கஞ்சி வாங்கப் பாத்திரம் இரவல் கேட்டு வந்தபோது நசீமுன்னிசாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மி அதைப் பற்றி உடனே எதுவும் கேட்கவில்லை. பள்ளிவாசலில் இருந்து வந்த நோன்புக் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றினார். பழம் நறுக்கினார். பாயில் எல்லாரும் உட்கார்ந்து, நோன்பு திறக்கச் சற்று நேரமே இருந்தபோது, மகனின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"முடிலன்னா சொல்லிருக்கலாமே காஷிஃப். நான் இன்னா சொல்லிடப் போறேன்? கம்பெனியும் பாக்கற, ஆஸ்பத்திரிக்கும் அலையற. உடம்பு தாங்க வேணாமா? அல்லாவுக்குத் தெரியும். ஒளிஞ்சு சாப்பிட வேண்டியதில்ல."

கோபம் துளியும் இல்லாத குரல். ஹீனாவுக்கு அதுதான் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரி அலைச்சல் என்றால் அது அவள்தான். அவளால்தான் மகன் நோன்பை விட்டான் என்று அம்மி நினைக்கிறார். நினைத்தும் அவள் மனம் நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்.

காஷிஃப் தலையை ஆட்டினான். "உடுங்க அம்மி. அல்லாகிட்ட துஆ கேக்கற நேரம்."

அவன் சொல்ல மாட்டான் என்று ஹீனாவுக்குப் புரிந்தது. சொன்னால், ஹீனா சாப்பிட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் சாப்பிட்டதை நடுக்கூடத்தில் சொல்லிக்காட்டி அவன் நல்ல பெயர் வாங்க மாட்டான். இனி இந்த மாதம் முழுவதும் தெருவே சிரித்தாலும் பேசாமல் இருந்துவிடுவான். பகல் முழுக்கக் காய்ந்த உதடு அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

வழக்கம்போல அவளும் பேசாமல் இருந்துவிடலாம். படுத்துக்கொள் என்று பழைய சோர்வு காதருகே வந்து சொல்லியது. இதெல்லாம் உன்னால்தான், வாயைத் திறக்காதே என்றது.

"அவரு நோன்போடதான் இருக்காரு அம்மி" என்றாள் ஹீனா. "சாப்ட்டது நானு. மாத்திரை நேரம் போய்டுச்சு. வெளிய நில்லுங்கன்னு சொன்னேன், கேக்கல. நான் தனியா உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு எதிர்ல வந்து உக்காந்தாரு. தண்ணிகூட தொடல."

நசீமுன்னிசா மகனைப் பார்த்தார். அவன் பேரீச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இத சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" என்றவர், கண்ணைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொண்டார். பிறகு முகம் மாறி, "மஹ்பூபி கஞ்சிப் பாத்திரம் திருப்பிக் குடுக்க வருவால்ல, வரட்டும். அவ பையன் இன்னா பாத்தான்னு நான் வெளக்கமா சொல்றேன்" என்றார். காஷிஃப் சிரித்தான். அடக்காத சிரிப்பு. எதற்கென்று ஹீனாவுக்குத் தெரிந்த சிரிப்பு.

அது முடியும்வரை அவள் காத்திருந்தாள். நோன்பு திறப்பதற்கான பாங்கு இன்னும் சொல்லவில்லை. கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

"அம்மி, ஒண்ணு சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் வருத்தப்படக் கூடாது."

"சொல்லு பேட்டி."

"குக்கர் வெக்காம, கதவுக்கு எண்ணெ உட்டு, பாத்திரத்துக்குத் துணி போட்டு... நீங்க எனக்காக பண்றது எல்லாம் எனக்குத் தெரியும். எந்த வீட்லயும் இப்படி பண்ண மாட்டாங்க. ஆனா நான் தூங்கறதில்ல அம்மி. முழிச்சிக்கினு படுத்து, நீங்க பேசறத கேட்டுக்கினே இருப்பேன்."

காஷிஃபின் கையில் உருண்டுகொண்டிருந்த பழம் நின்றது. ஹீனா அவனைப் பார்த்தே மீதியைச் சொன்னாள்.

"இன்னைக்கு நீங்க சாப்பிடாமயே என்கூட உக்காந்தீங்கல்ல? அதே மாதிரி நோன்பு இல்லாமயே நானும் உங்ககூட உக்கார்றேன். நாளைக்கு சஹருக்கு என்னையும் எழுப்புங்க."