களிமண் எருமையும் முதலாம் பரிசும்

போன வருசம் எங்கட பாலர் பாடசாலைக் கண்காட்சியில முதலாம் பரிசு எடுத்தது ஹெக்டர். அந்தாளுக்கு வயசு நாற்பத்தொண்டு, வீடு கட்டுற கொந்தராத்துக்காரன். ரெஜிபோம்ல, அந்த வெள்ளை நுரை அட்டையில, கல்லடிப் பாலத்தைக் கட்டி, லைற்றும் எரிய விட்டு, "அன்ரோவின் கைவேலை" எண்டு மகன்ட பேரை எழுதி வச்சிருந்தான். அன்ரோவுக்கு அப்ப எந்தச் சப்பாத்து எந்தக் காலுக்கு எண்டும் தெரியாது. எண்ட மகள் மிதுவுக்கு ஆறுதல் பரிசு, ஒரு சவர்க்காரப் பெட்டி. எனக்கு வயிறு எரிஞ்ச எரிச்சல்!

இந்த வருசம் விடுறதில்ல எண்டு முடிவெடுத்தன்.

"பிள்ளைகள் தாங்களாகச் செய்த பொருட்கள் மட்டும்" எண்டு றஜனி டீச்சர் கடதாசி அனுப்பினா. ஓம், ஓம், போன வருசமும் இதைத்தான் அனுப்பினவ. கடதாசி வந்த அண்டைக்கே சந்திக் கடையில பசைப் போத்தல் முடிஞ்சு போச்சு. வாங்கினது முழுக்க அம்மாமார்தான், நானும் மூண்டு வாங்கினன்.

அண்டைக்குப் பின்னேரம் மிது கிணத்தடியில குந்தியிருந்து களிமண்ணால என்னவோ பிசைஞ்சுகொண்டிருந்தா.

"இது என்ன மகள்?"

"எருமை. வவுணதீவில நம்மட வயலுக்குப் போகக்குள்ள பாத்தமே, அது."

எருமையாம்! ஒரு கொம்பு, மூண்டு கால். "மற்றக் கால் எங்க புள்ள?" எண்டு கேட்டன்.

"அது சேத்துக்குள்ள புதைஞ்சிட்டு அம்மா."

சிரிப்பு வந்துதுதான். ஆனா அதைக் கொண்டுபோய் ஹெக்டருக்குப் பக்கத்தில வைக்க ஏலுமா? மானம் போயிரும். கிணத்துக்குப் பின்னால தூக்கிப் போட்டன். மறுகா நான் மூண்டு நாளா இருந்து ஒரு வட்டையே, முழு வயல்வெளியையே செய்தன். தேங்காய்த் தும்புக்குப் பச்சைச் சாயம் போட்டு வயல், கண்ணாடித் துண்டால வாய்க்கால், நாலு காலோட எருமை ரெண்டு. மிது கிட்ட வந்து கையை நீட்டின நேரமெல்லாம், "தொடாத! நீ தொட்டா பழுதாப்போகும்" எண்டு அதட்டினன்.

எண்ட மனுசன் நிதுர்ஷன் வாசல்ல நிண்டு பார்த்திட்டு, "பாலர் பாடசாலைக்கு நீ போறியா, மகள் போறாவா?" எண்டு கேட்டார். எருமைக்கு வால் ஒட்டுற நேரத்தில கேக்கிற கேள்வியா இது?

கண்காட்சி அண்டைக்கு ஹெக்டர் வெளிச்சவீட்டோட வந்தான், மேல மோட்டர் வச்சு லைற் சுத்துற வெளிச்சவீடு. அன்ரோ கிட்டப் போனா, "கையை எடு!" எண்டு கத்துறான். பாவம் அந்தப் புள்ள, தன்ட கைவேலைக்குப் பக்கத்தில காவல்காரன் மாதிரி நிண்டுது. பிரதம விருந்தாளி மேடம் கிட்ட வரக்குள்ள மோட்டர் நிண்டு போச்சு. ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! கடவுள் இருக்கார் எண்டு நினைச்சன்.

மேடம் எங்கட வட்டைக்கு முன்னால குனிஞ்சு, "இதை எப்படிச் செய்தீங்க?" எண்டு மிதுவைக் கேட்டா.

"அம்மா செய்தவ. நான் தொடவே இல்ல."

எனக்குச் சீவன் போயிட்டுது. மேடமோ மிதுட கன்னத்தைத் தட்டி, "எவ்வளவு அடக்கமான பிள்ளை!" எண்டு சொல்லி முதலாம் பரிசு எழுதினா. படிச்ச மனுசி!

பரிசு, இருபத்துநாலு நிறச் சோக்குப் பெட்டியும் ஒரு சித்திரக் கொப்பியும். மிது மேடையால இறங்கி நேரா வந்து அதை எண்ட மடியில வச்சா.

"இந்தாங்க அம்மா, உங்கட பரிசு."

"இல்ல மகள், இது உங்கடதான். ஒரு படம் கீறுங்க பாப்பம்."

மிது ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டா. "வேணாம். நான் தொட்டா பழுதாப்போகும்."

பக்கத்துக் கதிரையில இருந்த ஹெக்டருக்கும் அது கேட்டது. சிரிப்பான் எண்டு பார்த்தன், சிரிக்கல்ல. குனிஞ்சு அன்ரோவிட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்ட வந்ததும் உடுப்பும் மாத்தாம கிணத்துக்குப் பின்னால ஓடினன். ரெண்டு நாள் மழையில எருமை கரைஞ்சு வெறும் மண்ணாக் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டு வந்து வச்சு, "வாங்க மகள், அந்த எருமையைத் திரும்பச் செய்வம்" எண்டு கெஞ்சிக் கூப்பிட்டன்.

மிது கொஞ்சம் தள்ளியே நிண்டா.

"நீங்க வடிவாச் செய்யுங்க அம்மா. நான் தொடாமப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."