பதினோராம் தேதிப் பை

முதல் பையை அக்ஷரா நிராகரித்துவிட்டாள்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால், அவள் படிக்கிற மேஜையின் ஓரத்தில், நான் வைத்த இடத்திலேயே அந்த மஞ்சள் பை கிடந்தது. உள்ளங்கை அகலம்தான். வாயில் இழுபடுகிற ரிப் பட்டி வைத்து, அடியில் இரட்டைத் தையல் ஓட்டி, தைத்த நானே எடுத்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்த பை. பக்கத்தில் ஒரு தாளையும் வைத்திருந்தேன். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் ஒவ்வொரு சாம்பிளோடும் போகிற, வாங்குகிறவர் குறைநிறை எழுதுகிற தாளைப் போலவே கோடு போட்டு, மேலே ‘பையர் கமெண்ட்ஸ்’ என்று எழுதி, கீழே காலியாக விட்டிருந்தேன். அந்தக் காலியிடத்தில் பென்சிலால் இரண்டு வரி இருந்தது. ‘சின்னதா இருக்கு. ஸ்கெட்ச் வெச்சா வெளிய நீட்டும்.’

நான்கு தடவை படித்தேன். பதினைந்து வருஷமாக அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், ஏற்றுமதிக்கு முன் மாதிரி உடுப்பு தைக்கிற சாம்பிள் டெய்லராக இருக்கிறேன். என் சட்டைகளைக் கடல் தாண்டி எத்தனையோ பேர் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தோள் கால் இஞ்ச் கூடிவிட்டது என்பார்கள், கழுத்து சாய்கிறது என்பார்கள். அன்றெல்லாம் பவர் டேபிள் தையல் மிஷினில் தலையை வைத்துப் படுத்துவிடுவேன். இந்த நிராகரிப்பை மட்டும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அக்ஷரா என் வீட்டுக்காரர் வேல்குமாரின் மகள். ஒன்பது வயது. அவளுடைய அம்மா காய்ச்சலில் போய் மூன்று வருஷமாகிறது. எனக்கு ஊர் தெற்கே நாசரேத் பக்கம். பனியன் வேலைக்கென்று பத்தொன்பது வயதில் வந்தவள், தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது முப்பத்தைந்து ஆகியிருந்தது. ஜூன் மாதம் ரிஜிஸ்தர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டோம். அன்றைக்கு அந்தப் பிள்ளை பூப்போட்ட கவுனில், அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தபடியே நின்றது. அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. என்னோடு பேசுவது மட்டும் கிடையாது. ஊரெல்லாம் வாயாடுகிறவள், நான் தட்டில் சோறு போட்டால், “அப்பா, போதும்னு சொல்லுங்க” என்பாள். அவரும் பக்கத்தில் நிற்கிற என்னிடம், “போதுமாம் புள்ள” என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். எது முதலில் வருகிறதென்று அன்றன்றைக்குத்தான் தெரியும்.

பை தைக்கிற யோசனை கம்பெனியில் கிடைத்தது. குழந்தைகளுக்கான இரவு உடுப்பு ஆர்டரோடு சேர்த்து, துணியில் செய்த ஒரு சுவர்த் தொங்கலையும் செய்து தர முடியுமா என்று கேட்டு ஒரு பையர் ஒரிஜினல் சாம்பிள் அனுப்பியிருந்தார். சிவப்புத் துணியில் வரிசை வரிசையாக இருபத்து நான்கு பைகள். பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் தரணிதான் விளக்கினாள். “டிசம்பர் ஒண்ணாந்தேதில இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் தினம் ஒரு பைங்கக்கா. ஒவ்வொண்ணுலயும் குட்டியா ஒரு சாமான் இருக்கும். கொழந்தைங்க தினம் ஒண்ணா எடுத்துக்கும். அட்வென்ட் காலண்டர்னு சொல்லுவாங்க.” எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை எண்ணுவோமே தவிர, பை திறக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. அந்த ஆர்டர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தத் தொங்கல் கண்ணிலேயே நின்றது. பேசாத பிள்ளையிடம் தினம் ஒரு பொருளைப் பேசச் சொல்லலாமே என்று தோன்றியது.

இரண்டாவது பையைப் பெரிதாக்கி வைத்தேன். ‘கலர் ஓகே. வாய் லூசா இருக்கு. உள்ள இருக்கறது தெரியுது.’ மூன்றாவதற்கு வாயில் ஒரு மடிப்பு வைத்தேன். ‘ஓகே’ என்று மட்டும் வந்தது. அந்த ஓகேயைப் பார்த்துவிட்டு, கம்பெனியில் ஒரு மணி நேரம் எதைத் தைத்தேன் என்றே எனக்குத் தெரியாது. இனி பல்க் தான், மொத்தமாகத் தைக்க வேண்டியதுதான் என்று, கட்டிங் டேபிளுக்கடியில் கிடக்கும் கட்பீஸ்களைக் கேட்டு வாங்கி வந்தேன். முட்டைக்கரு மஞ்சள், பாசி நிறம், மழைக்கு முந்தைய வானத்தின் நிறம், ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தை போட்டுக்கொண்டு தூங்கப்போகிற ரோஜா நிறம். வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்தால், நடுவில் உட்கார்ந்திருக்கிற நான் இருக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாது. ஜன்னல் வெயில் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக்கொண்டு போகும்.

வேல்குமார் எட்டிப் பார்த்தார். “ஏசு சாமி காலண்டரா புள்ள?”

“ஆமா. ஒங்க முருகனுக்குக் கோவம் வருமோ?”

“அவருக்கென்ன, பையில முட்டாய் இருந்தாச் சரிங்கறவரு” என்றார்.

எல்லாப் பைகளையும் ஒரே பனியன் துணியில் வரிசையாகப் பொருத்தி ஆணியில் மாட்டினேன். கனம் தாங்காமல் துணி இழுத்துக்கொண்டு ஈர பனியன் மாதிரி தரை வரைக்கும் தொங்கியது. இத்தனை வருஷம் பனியன் துணியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது இழுக்கும் என்று தோன்றவில்லை பாருங்கள். சாயங்காலம் தாளில் அவளுடைய நீளமான கமெண்ட் வந்திருந்தது. ‘கெட்டித் துணி வேணும். பையெல்லாம் ஒட்டித் தெச்சிட்டா மாத்த முடியாது. கழட்டற மாதிரி வேணும்.’ எதற்கு மாற்ற வேண்டும் என்று கீழே எழுதி வைத்தேன். ‘சும்மா’ என்று பதில் வந்தது.

பேக்கிங்கில் கிடந்த கெட்டிக் காடாத் துணியை வாங்கி வந்து, மேல் விளிம்பில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, ஒவ்வொரு பையையும் மாட்டிக் கழற்ற, அழுத்தினால் பூட்டிக்கொள்கிற இரண்டு டிச் பட்டன் வைத்தேன். பிள்ளை சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் உறைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்தால் இதை உருட்டிப் பரணில் போட வேண்டியதில்லை. ஏழு பையை மட்டும் மாட்டினால் ஒரு வாரம். பரீட்சை வந்தால் ஆறு பை, பெரிய லீவுக்கு எல்லாப் பையும். ஒட்டித் தைக்காத நாட்கள். பிடிக்காத திங்கட்கிழமையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம், நல்ல ஞாயிற்றுக்கிழமையைப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக மாட்டலாம். பவர் டேபிளின் இரைச்சலுக்குள் உட்கார்ந்து இப்படி யோசித்துக்கொண்டே போவேன். என்னுடைய முப்பத்தைந்து வருஷத்தையும் டிச் பட்டனில் வைத்துத் தந்திருந்தால் எதை எங்கே மாற்றியிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். மதியச் சங்கு ஊதிவிடும்.

டிசம்பர் ஒன்றாம் தேதி கூடத்துச் சுவரில் மாட்டினேன். எண்களை என் கையால் எம்பிராய்டரி போட்டிருந்தேன். உள்ளே பலாப்பழ வாசனை அழிரப்பர், பளபளப் பேனா, கடலை மிட்டாய், கிளிப், திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்குகிற பட்டறையில் கேட்டு வாங்கிய வழவழப்பான கல், ஒரு சின்னப் பூட்டும் சாவியும். நான் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் கிட்டே போகவே மாட்டாள். அதனால் காலையில் நான் குளிக்கப் போவேன். வெந்நீர் ஆவிக்குள் கதவோரம் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். டக். பொருளை எடுக்கப் பையைக் கழற்றும்போது பட்டன் பிரிகிற அந்தச் சத்தம் வந்த பிறகுதான் முதல் செம்புத் தண்ணீரை மேலே ஊற்றுவேன். வெளியே வந்தால் பை காலியாக இருக்கும், அவள் ஷூ மாட்டிக்கொண்டிருப்பாள், முகத்தில் ஒன்றும் இருக்காது. மூன்றாம் தேதி பேனாவால் அவள் கணக்கு நோட்டில் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அன்று முழுக்கப் பசியே இல்லை.

ஆறாம் தேதி வேலை முடிந்து வந்தபோது சுவரில் ஒரு பல் விழுந்திருந்தது. பதினொன்றாம் எண் பையைக் காணோம். அதற்குள் வைத்திருந்த கிளிப் மட்டும் பத்தாம் எண் பைக்குள் மாற்றி வைக்கப்பட்டிருந்தது. நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பீஸ் காணாமல் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதே துணியில், அதே ஷேடில், அதே நம்பர் போட்டு ரீகட் பண்ணி, மறுபடி வெட்டித் தைத்து வைத்துவிட்டு லைனை ஓட்டுவோம். மறுநாள் ஞாயிறு. அவள் அப்பாவோடு கடைக்குப் போயிருந்த நேரத்தில், மிச்சமிருந்த ரோஜா நிறத்துண்டைத் தேடியெடுத்து, பதினொன்று போட்டு, பட்டன் வைத்து, இருந்த இடத்தில் மாட்டி, கிளிப்போடு ஒரு பால்கோவாவையும் வைத்தேன். எது புதுசு என்று யாராலும் சொல்ல முடியாது. பெருமையாகத்தான் இருந்தது.

எட்டாம் தேதி காலையில் சத்தம் வரவில்லை. ஆவி ஆறித் தண்ணீர் குளிர்ந்துபோகிற வரைக்கும் நின்றேன். ஒன்பதாம் தேதியும் வரவில்லை. மேஜையில் வைத்த தாள் வெள்ளையாகவே கிடந்தது. சாப்பிடும்போது, போதும் என்று சொல்லச் சொல்லி அப்பாவிடம் கேட்பதையும் விட்டுவிட்டாள். தட்டின் மேல் கையை வைத்து மூடினாள், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. வாரக்கணக்காகக் குனிந்து குனிந்து தைத்தவளுக்கு இதுதானா என்று வந்தது. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பிறகு, ஒன்பது வயசுப் பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறோமே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பத்தாம் தேதி காலை அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்த வேல்குமாரை நிறுத்தினேன்.

“பதினொண்ணாம் பையக் கழத்தி எங்கியோ வச்சிட்டா. நான் வேற தச்சி மாட்டுனேன். அதுலருந்துதான் இப்பிடி இருக்கா. என்னன்னு கேட்டுச் சொல்லுங்க.”

அவர் சுவரையே பார்த்தார். “பதினொண்ணா?” என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். “அன்னிக்குத்தான் புள்ள, அவ அம்மா போனது.”

“திதிதான் போன மாசமே பவானியில குடுத்தாச்சுல்லா?”

“அது ஐயர் கணக்கு. இவளுக்குத் தேதிக் கணக்கு. பள்ளிக்கூடத்துல இருந்து பாதியில கூட்டியாந்தோம். போர்டுல தேதி எழுதியிருந்துச்சுன்னு இன்னமும் சொல்லுவா.”

 அந்த நாளில் ஒரு பால்கோவாவை வைத்துவிட்டு அழகு பார்த்திருக்கிறேன். போய் அந்தப் பையைக் கழற்றினேன். டக், டக் என்று இரண்டு சத்தம். அதற்குப் பிறகு அந்த இடம் வெறும் காடாத் துணியாக இருந்தது. பள்ளியிலிருந்து வந்தவள் அதைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

பதினொன்றாம் தேதி விடியற்காலையில் பனி இறங்கி, எதிர்வீட்டுச் சுவர்கூடச் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கம்பெனியில் பர்மிஷன் சொல்லியிருந்தேன். ஏதாவது கையில் இருக்கட்டும் என்று, ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்து வேல்குமாரின் லுங்கிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். யூனிபார்ம் போடாமல், தலை வாராமல் அக்ஷரா நின்றிருந்தாள். இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து ஒரு நைட்டியைப் பிடித்திருந்தாள். துவைத்துத் துவைத்து வெளிறிய நீலம். ஓரமெல்லாம் நூல் விட்டிருந்தது.

“அங்க முட்டாயெல்லாம் வேண்டாங்க” என்றாள்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பக்கத்தில் அவள் அப்பா இல்லை. நான் மிஷினிலிருந்து காலை எடுத்தேன்.

“சரி கண்ணு. வேண்டாம்.”

“இது அம்மாவுதுங்க.” நைட்டியை மேஜை மேல் வைத்து விரித்தாள். வலது பக்கம் இடுப்புக்குக் கீழே ஒரு பை இருந்தது, எல்லா நைட்டியிலும் இருக்கிற சாதாரணப் பை. “இந்தப் பை அப்பிடியே வேணுங்க. இத அங்க மாட்டுங்க.”

“உள்ள என்ன வைக்கணும்?”

“ஒண்ணும் வேண்டாங்க.”

நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்தேன். ஒரு நாளைக்கு நூறு தையலைப் பிரிக்கிற கைதான். அன்றைக்கு முதல் நூலை எடுக்கவே நேரமானது. யாரோ ஒரு கடைத் தையல்காரர் நெருக்கமாக ஓட்டியிருந்தார். துணி நைந்திருந்ததால் இழுத்துப் பிரிக்க முடியாது, ஒவ்வொரு நூலாகத்தான் அறுக்க வேண்டும். அக்ஷரா எதிர்ப்பக்கம் வந்து துணி நகராமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். “மெதுவா” என்றாள் ஒருமுறை. ஜன்னலில் பனி கரைந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்தது, அடிப்பக்கம் முடிந்தது, அவள் மூச்சு என் கையில் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசித் தையலை அறுத்ததும் பை தனியாக வந்து என் விரல்களில் நின்றது. எடையே இல்லை.

நைட்டியில் பை இருந்த இடத்தில் ஒரு சதுரம் நீலமாக இருந்தது. வெயிலும் சோப்பும் படாத நீலம். கடையில் மடித்து வைத்திருந்த அன்றைக்கு அந்த நைட்டி முழுக்க இருந்திருக்கக்கூடிய அடர்ந்த நீலம், சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களோடு. மற்ற இடங்களில் அந்தப் பூக்களே அழிந்துபோயிருந்தன.

அக்ஷரா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தக் கலர நான் பாத்ததே இல்லீங்க” என்றாள் என்னிடம்.

பிறகு வலது கையை விரித்து, மிக மெதுவாக, அந்த நீலத்தின் மேல் வைத்தாள். அவள் விரல்களுக்கு நடுவில் பூக்கள் தெரிந்தன. நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.