நடுவர் கேட்ட ஒரு சொல்

சேர்வராயன் மலையின் தோள்களில் ஆவணித் திங்களின் முகில் வெண்துகிலெனப் படிந்து கிடக்க, மலையடியிற் பிறந்த திருமணிமுத்தாறு செம்புனல் சுமந்து நகரின் நடுவே நடக்க, அம்மாபேட்டைத் தெருக்களில் சாயம் தோய்ந்த நூற்கற்றைகள் மாலை வெயிலில் பச்சையும் செம்மையுமாய்க் காய, சேலம் நகரம் அன்றைய உழைப்பை முடித்து மூச்சுவிடும் வேளை அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு.

அவ்வேளையில், கற்றறிந்த நண்பரே, பெண்கள் உயர்நிலைப்பள்ளி ஒன்றின் கூடத்தில், ஊர்ப்பெரியோர் நிறைந்த அவையின்முன், குமாரபாளையத்துத் தறிக்குடியிற் பிறந்து சென்னையில் பட்டம் பெற்ற முத்தாயம்மாள் நின்றிருந்தாள். மேல்வகுப்புகளுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பணி அவளுக்கு உண்டா இல்லையா என்பதை அந்த ஒரு சொற்பொழிவே முடிவு செய்யவிருந்தது. நம் ஊர்ப் பெண்கள் கீழ்வகுப்பில் எழுத்தறிவிக்கலாம், அதற்குமேல் ஆகாது என்பதே அங்கு வழங்கிய எண்ணம். இன்று அவள் தோற்றால் அவ்வெண்ணம் கல்லில் வெட்டியதாகிவிடும்.

ஆய்வதற்கென அவளுக்குத் தரப்பட்டது, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கில நாட்டு மாளிகை ஒன்றில், களஞ்சியக் காவலன் ஒருவன் குளிர்கால மாலையில் சொன்னதாக வரும் கதை. அம்மாளிகைக்கு உரியவளான, கணவனை இழந்த சீமாட்டி ஒருத்தியின் வெள்ளிக் கிண்ணம் காணாமற் போகிறது. அவள் குதிரைக்காரன் திருடனென்று பிடிபட்டு நடுவர்முன் நிறுத்தப்படுகிறான். கிண்ணம் எங்கே என்று சீமாட்டி அவனைக் கேட்கிறாள். அக்கணமே நடுவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, சான்று ஏதும் கேளாமல் அவனை விடுவிக்கிறார். கதை அங்கே முடிந்துவிடுகிறது. முடிக்கத் தெரியாத மூடன் சொன்னது என்று உரைகாரர் அனைவரும் இகழ்ந்திருந்தனர்.

முத்தாயம்மாளோ, இன்றைய ஆங்கிலம் இழந்துவிட்ட ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு அன்றைய ஆங்கிலத்தில் நம் தமிழிற்போலவே இருந்ததை எடுத்துக்காட்டினாள். பணியாளர் எவரையும் ‘நீ’ என்றே விளிக்கும் சீமாட்டி, அந்தக் கேள்வியில் மட்டும் குதிரைக்காரனை ‘நீங்கள்’ என்கிறாள். படியெடுத்தவன் பிழை என்று உரைகாரர் தாண்டிப்போன அவ்விடத்தில் அவள் காலூன்றி நின்றாள்.

அவைத்தலைவர் சென்னியப்பன், திருச்செங்கோட்டுப் பக்கத்து நிலக்கிழார், மீசைக்குள் நகைத்தார்.

“ஏம்மிணி, எழுதுனவன் கை தவறுனதுக்கெல்லாம் நீ ஒரு கதை கட்டுவியாக்கும்?”

கூடம் கொல்லென்று சிரித்தது. நாவில் அடுக்கி வைத்திருந்த நூல்நடைச் சொற்கள் சிதறியோட, அவள் பிறந்த வீட்டுப் பேச்சு அணையுடைத்த புனலாய் எழுந்தது.

“ஏனுங்க, பண்ணையத்து ஆளை எசமானியம்மா எந்நேரமும் ‘வாடா, போடா’ன்னுட்டு, ஒரு நா பதறிப்போயி ‘இங்க வாங்க’ன்னு சொல்லிப்போட்டா, நாக்குத் தவறிப்போச்சுன்னு நீங்க சும்மா இருந்துக்குவீங்களா?”

தலைவரின் முகத்தை அவள் பார்த்தாள். பணி போயிற்று என்றே எண்ணினாள். அப்போது பெண்கள் வரிசையில் யாரோ, “அட, அவந்தான் அவளுக்கு ஊட்டுக்காரன்!” என்று உரக்கச் சொல்லிவிட, மதகு திறந்தாற்போலச் சிரிப்பு புரண்டு வந்தது.

“அட சாமி! ஒருத்தருக்கும் தெரியாம கட்டிக்கிட்டாளா?” என்று சென்னியப்பன் மேசையைத் தட்டினார்.

தேர்வாளராய் அமர்ந்திருந்த முதிய பேராசிரியர் வேலுசாமி மட்டும் சிரிக்கவில்லை. “நன்று. ஆனால் நடுவர் அவனை ஏன் விடுவித்தார்?”

“அந்நாட்டின் அன்றைய முறைப்படி மனைவியின் பொருள் கணவனுக்கே உரியது, ஐயா. தன் கிண்ணத்தைத் தானே எடுத்தவனை எவ்வாறு திருடன் என்பது? நடுவர் அந்த ஒரு சொல்லைக் கேட்டார். அவருக்கு அதுவே சான்று. கதை சொன்னவனும் மூடனல்லன். எசமானியின் மறைபொருளை வெளியிட அஞ்சியவன். ஆகவே செவியுள்ளவர்க்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.”

நெடுங்காலம் அதே வரியைப் பிழையென்று கற்பித்துவந்த வேலுசாமி மெல்ல எழுந்தார். “பணி இவருடையது. இக்கதையை இவரிடம் முதலில் கற்கப்போகும் மாணவன் நான்” என்றார். கைத்தட்டல் மழையெனப் பொழிந்தது. வெற்றியின் வெம்மையில் விழி நனைய, முத்தாயம்மாள் அவையை வணங்கினாள்.

குளிர் நாட்டு மாளிகையில், அடுப்பின் தழல் முகத்தில் ஆட, கதையை முடித்த அந்தக் காவலன் எவரேனும் சிரிக்கின்றனரா என்று சுற்றிலும் நோக்கியிருப்பான். அங்கே ஒருவரும் சிரித்திரார். அவன் எதிர்பார்த்த சிரிப்பு அறுநூறு ஆண்டும் ஆழ்கடலும் கடந்து, பெயரைக்கூட அவன் கேட்டறியாத சேலத்தில், அன்று மாலை வாய்விட்டு எழுந்தது.